காலிக் குமிழில் ஒரு வரி

பள்ளிக்கூடங்களில் படக்கதை வகுப்பு எடுக்கப் போகிறவர்கள் நீங்கள். கட்டம் எப்படிப் பிரிப்பது, பேச்சுக் குமிழை எங்கே வைப்பது என்பதெல்லாம் இரண்டு நாள் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லிவிட்டார்கள். ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர் என்பதால் என்னைக் கூப்பிட்டு, "நாலு நல்ல அனுபவம் சொல்லுங்க சார்" என்றார்கள். நல்ல அனுபவங்களும் இருக்கின்றன. பரிசு வாங்கிய பிள்ளைகள், என் பெயரை மேடையில் சொன்ன பிள்ளைகள். அதையெல்லாம் வேறு யாரும் சொல்லிவிடலாம். நான் ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். அதில் நான் நல்லவனாக இல்லை.

கடைசியாக நான் வேலை பார்த்தது நம் மாவட்டத்துக் கடற்கரையோரத்தில் இருக்கும் ஓர் அரசுப் பள்ளியில். குடியிருந்தது அறந்தாங்கியில். பஸ்ஸில் போய்வருவேன். வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் தகப்பன்மார் விசைப்படகில் போகிறவர்கள். நமக்கும் இலங்கைக்கும் நடுவே கடலில் ஒரு எல்லை இருக்கிறது. தண்ணீரில் அது தெரியாது, படகில் இருக்கும் கருவியில் தெரியும். அந்த வருடம் எல்லை தாண்டியதாகச் சொல்லி அடிக்கடி படகுகள் பிடிபட்டன. ஒரு படகு பிடிபட்டால் மறுநாள் வேலைநிறுத்தம், மறியல், பஸ் கிடையாது. வகுப்பில் நாலைந்து இடம் காலியாக இருக்கும். வந்த பிள்ளைகளும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும். யாரும் எதுவும் பேச மாட்டார்கள்.

பேசாததை வரையட்டும் என்று நினைத்தேன். நினைத்ததில் தப்பில்லை, இன்றைக்கும் அதைச் சொல்வேன். வாரம் இரண்டு பாடவேளை ஒன்பதாம் வகுப்புக்குப் படக்கதை என்று தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கினேன். முதல் வகுப்பில் எல்லாரும் பறக்கிற மனிதர்களையும் துப்பாக்கியையும் வரைந்தார்கள். நான் தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஒங்க வீட்டுல நடந்தத வரைங்க. ஒங்களுக்கு நடந்தத வரைங்க. எதுக்கும் பயப்பட வேண்டாம். நான் இருக்கேன்" என்றேன்.

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் என்று பிறகு பல நாள் நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அந்த வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். இரண்டாவது வரிசை, சுவரோரம். அவளுடைய அத்தா, அவர்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள், விசைப்படகு டிரைவர். ஆறு வாரத்துக்கு முன்னால் படகோடு பிடிபட்டு அந்தக் கரையில் சிறையில் இருந்தார். அவள் வரைவதில் பெரிய கெட்டிக்காரி என்று சொல்ல முடியாது. ஆளை வரைந்தால் கழுத்து நீண்டுவிடும். ஆனால் எதை வரைய வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அது சொல்லிக் கொடுத்து வருவதில்லை.

அவள் வரைந்த கதை ஒரே பக்கம், ஆறு கட்டம். முதல் கட்டத்தில் அவள் தூக்குச் சட்டியோடு கரைக்கு ஓடுகிறாள், அத்தா சாப்பாட்டை மறந்துவிட்டுப் போய்விட்டார். இரண்டாவதில் படகு முதலாளி பைக்கில் உட்கார்ந்தபடி அவள் அத்தாவிடம் சொல்கிறார்: "போன தடவ மாதிரி வெறும் வலையோட வராத. இங்கிட்டு மீன் இல்லன்னா அங்கிட்டுப் போ." மூன்றாவது கட்டம் முழுக்கக் கடல். நான்காவதில் சிறையிலிருந்து வந்த போனை அவள் அம்மா காதில் வைத்திருக்கிறாள், போனின் மறுபக்கம் அவள் தன் காதை ஒட்டிவைத்திருக்கிறாள். குமிழில் அத்தாவின் குரல்: "தெரிஞ்சுதான் திருப்புனேன். எல்லை தாண்டுனது எனக்குத் தெரியும்." ஐந்தாவது கட்டத்தில் படகின் வீல், அதைப் பிடித்த இரண்டு கைகள்.

கடைசிக் கட்டத்தில் அவள் ஆர்ப்பாட்டத்தில் நிற்கிறாள். கையில் ஒரு தட்டி: 'எல்லை தாண்டாத மீனவர்களை விடுதலை செய்.' தலைக்கு மேல் ஒரு நினைவுக் குமிழ் போட்டிருந்தாள். அதற்குள் ஒன்றுமே இல்லை.

"இது ஏன்மா காலியா இருக்கு?" என்று கேட்டேன்.

"என்ன எழுதறதுன்னு தெரியல சார்."

"அப்புடியே விட்டுரு. இதுதான் சரி" என்றேன்.

அவள் லேசாகச் சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை வருடம் பூச்சாடியும் மாம்பழமும் வரைய வைத்த கைக்கு இப்படி ஒன்று கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். என் கைக்கு என்று நினைத்தேன் பாருங்கள், முதல் கோணல் அங்கேதான்.

ஆசிரியர் அறையில் அந்தத் தாளை எல்லாரிடமும் காட்டினேன். எங்கள் பள்ளித் தமிழாசிரியை என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அவர் நிதானமாகப் படித்துவிட்டுக் கேட்டார்: "சார், இத வெளிய காட்டலாமான்னு அந்தப் புள்ளகிட்ட கேட்டீங்களா?"

"வகுப்புல வரைஞ்சதுதானே மேடம்."

"வகுப்புல வரைஞ்சது. ஆனா வீட்டுல நடந்தது."

"கேட்டுக்கலாம்" என்றேன். கேட்கவில்லை. மதியம் சாப்பிட்ட கையோடு அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து மாவட்ட ஓவிய ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவில் போட்டேன். 'என் மாணவியின் படைப்பு' என்று கீழே எழுதினேன். கை தட்டும் படங்கள் வந்து குவிந்தன. கீரனூரிலிருந்து ஒரு நண்பர் போன் செய்து பாராட்டினார். அன்றைக்கு பஸ்ஸில் வீடு வரும்வரை போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஒரு குழுவில் போட்டது ஒரு குழுவில் நிற்காது என்பது எனக்குத் தெரியாதது இல்லை. இரண்டே நாளில் அது கடற்கரைக்கு வந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலை, இரண்டாவது பாடவேளையில் அலுவலக உதவியாளர் வந்து தலைமையாசிரியர் கூப்பிடுவதாகச் சொன்னார். போனேன். உள்ளே படகு முதலாளியும் அவரோடு ஊர் ஆட்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. படத்தில் அவள் வரைந்திருந்த ஆளைவிட மெலிந்த மனிதர். ஆறு வாரமாகப் படகு அந்தக் கரையில் கிடக்கிறது, திரும்ப வருமா என்று தெரியாது. சட்டைக் காலர் அழுக்காக இருந்தது. அவரைக் கெட்டவராக உங்களிடம் காட்டிவிட்டு நான் தப்பிக்க விரும்பவில்லை.

அவர் போனை என் முன்னால் நீட்டினார். "இது நீங்க சொல்லிக் குடுத்து வரைஞ்சதா சார்?"

நான் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் இருந்தவர் பேசினார். "சார், நாங்க கலெக்டர் ஆபீஸுக்கு மனு எழுதிக்கிட்டு இருக்கோம். எஞ்சின் கோளாறாகி எல்லைக்குப் போயிருச்சுன்னு எழுதுறோம். இங்க ஒங்க பள்ளிக்கூடத்துலேருந்து தெரிஞ்சே போனாங்கன்னு படம் வருது. அங்கிட்டுக் கோர்ட்டுல டிரைவருக்குத்தான் தண்டனை கூட. இது யாரு கையிலயாவது போச்சுன்னா உள்ள இருக்குறது யாரு? அந்தப் புள்ளையோட அத்தாதான்."

அந்தக் கோணத்தில் நான் ஒரு நிமிடம்கூட யோசித்திருக்கவில்லை.

"அந்தப் பிள்ளையக் கூப்பிடுங்க" என்றார் தலைமையாசிரியர். வேண்டாம் சார் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அனுப்பியவன் நான் என்று சொல்லியிருக்கலாம். நான் சும்மா நின்றேன். அவளை வகுப்பிலிருந்து அழைத்துவந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள் முதலில் என்னைத்தான் பார்த்தாள்.

முதலாளி கேட்டார், "ஏம்மா, நான் அப்புடிச் சொன்னத நீ பாத்தியா?"

"பாத்தேன்" என்றாள். "அத்தாக்குத் தூக்குச் சட்டி கொண்டாந்தேன்ல. அப்ப சொன்னீங்க."

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். அவர் அதை மறுக்கவில்லை என்பதை நான் பார்த்தேன். தலைமையாசிரியரும் பார்த்தார். அவர் என் பக்கம் திரும்பி, "சார், நீங்க சொல்லுங்க. இது என்ன?" என்று கேட்டார். ஏதாவது சொல்லி முடித்துவிடுங்கள் என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது அவர் முகம்.

நான் சொன்னேன்: "கற்பனைதான் சார். கதையா வரையச் சொல்லியிருந்தேன். அங்க இங்க கேட்டது, டிவியில பாத்தது எல்லாத்தையும் சேத்து வரைஞ்சிருக்கு. சின்னப் புள்ளதானே."

"சார்" என்றாள் அவள். அவ்வளவுதான்.

ஊர்க்காரர் விடவில்லை. "அப்ப அத அந்தப் புள்ள கைப்பட எழுதட்டும். போட்டோ எடுத்து அதே மாதிரி எல்லாருக்கும் அனுப்புறோம்."

அசல் தாளை என் கோப்பிலிருந்து எடுத்துவந்தேன். மேஜைமேல் வைத்தேன். எழுத இடம் தேடினேன். பக்கம் முழுக்கக் கோடும் எழுத்துமாக நிறைந்திருந்தது, ஓரத்தில்கூட இடம் விடாமல் வரைந்திருந்தாள். ஒரே ஓர் இடம்தான் வெள்ளையாக இருந்தது. நான் அந்தக் காலிக் குமிழில் விரலை வைத்து, "இங்க எழுதும்மா" என்றேன்.

எவரும் என்னை அந்த இடத்தைக் காட்டச் சொல்லவில்லை. தாளின் பின்பக்கம் முழுவதும் காலியாகத்தான் இருந்தது. அது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அவள் என் பேனாவை வாங்கி எழுதினாள். 'இது கற்பனைக் கதை.' எழுத்துகள் குமிழுக்குள் அடங்குகிற மாதிரி, கோட்டில் இடிக்காமல், கவனமாக எழுதினாள். வகுப்பில் நான் சொல்லிக் கொடுத்திருந்தது அப்படித்தான். எழுதிவிட்டுப் பேனாவை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, "போகட்டுமா சார்?" என்று தலைமையாசிரியரைப் பார்த்துக் கேட்டாள்.

அவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். தலைமையாசிரியர் தாளை என்னிடம் நீட்டி, "இத வெச்சுக்காதீங்க" என்றார். ஆசிரியர் அறைக்குப் போய் நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். தமிழாசிரியை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நீங்கள் கேட்கலாம், அந்த மனிதரைக் காப்பாற்றத்தானே பொய் சொன்னீர்கள் என்று. நானும் சில வாரங்கள் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் அவரைக் காப்பாற்ற வேறு வழி இருந்தது. 'அந்தப் பக்கத்தை வெளியே அனுப்பியது நான், கேட்காமல் அனுப்பினேன், தப்பு என்னுடையது, அனுப்பிய ஒவ்வொருவரிடமும் அழிக்கச் சொல்கிறேன்' என்று சொல்லியிருந்தால் போதும். அது உண்மையா பொய்யா என்ற பேச்சுக்கே போயிருக்க வேண்டாம். இந்தப் பதில் எனக்கு அன்று மாலை அறந்தாங்கி பஸ்ஸில் வந்தது. அறையில் வரவில்லை. அறையில் என் மனதில் இருந்தது அவள் அத்தா அல்ல. அனுமதி இல்லாமல் மாணவியின் படத்தை வெளியிட்ட ஆசிரியர் என்று என்மேல் புகார் போகுமே, ஓய்வு பெறுகிற நேரத்தில் விசாரணை வருமே என்பதுதான் இருந்தது. அவள் சொன்னது பொய்யாகிவிட்டால் நான் செய்தது சின்ன விஷயமாகிவிடும். அதனால்தான் அந்த வார்த்தை அவ்வளவு வேகமாக வாயில் வந்தது.

அதோடு நான் நிற்கவும் இல்லை. அடுத்த வகுப்பில், "இனிமே சொந்தக் கதை வேணாம். கற்பனையா எதாவது வரைங்க" என்றேன். முழு வகுப்பும் இரண்டாவது வரிசைச் சுவரோரத்தைத் திரும்பிப் பார்த்தது. அவள் அன்றைக்குப் பறக்கிற மனிதன் ஒருவனை வரைந்தாள். கழுத்து நீளமாக இருந்தது. நான் 'நன்று' என்று போட்டுக் கொடுத்தேன்.

நாலு மாதம் கழித்து அவள் அத்தாவையும் மற்றவர்களையும் விட்டுவிட்டார்கள். படகு வரவில்லை. அவர்கள் வந்து ஒரு வாரம் இருக்கும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார்.

"டிராயிங் சார் நீங்களா?"

"ஆமா, உள்ள வாங்க."

உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். யார் என்று சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, அதற்குத் தயாராகக்கூட இருந்தேன். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"நான் வீட்டுக்கு வந்ததும் எம்மக மொதல்ல என்ன கேட்டுச்சு தெரியுமா சார்? 'அத்தா, நீங்க எல்லை தாண்டுனீங்களா இல்லியா'ன்னு கேட்டுச்சு. போன்ல நான் சொன்னதக் காதால கேட்ட புள்ள சார் அது. அதுக்கே சந்தேகம் வந்துருச்சு. நாம கேட்டது நெசந்தானா, இல்ல நாமளே நெனச்சுக்கிட்டமான்னு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தாண்டுனேம்மா, தெரிஞ்சுதான் தாண்டுனேன்னு சொன்னேன். அப்பதான் அழுதுச்சு. அதுவரைக்கும் அழுவவே இல்லன்னு அவ அம்மா சொல்றா." நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டு, "அந்தப் படத்த ஒரு தடவ பாக்கலாமா சார்?" என்றார்.

"இல்லங்க. கிழிச்சுப் போட்டுட்டேன்."

"போட்டோ?"

"அதையும் அழிச்சிட்டேன்."

அவர் தலையாட்டினார். "அதுல என்னைய எப்புடிங்க சார் வரைஞ்சிருந்துச்சு?"

"மொகம் சரியா வரையல. ஒரு கட்டத்துல கைய மட்டும் வரைஞ்சிருந்தா. வீலப் புடிச்ச கை."

"கை மட்டுமா" என்றார். மேஜைமேல் இருந்த தன் இரண்டு கைகளையும் பார்த்தார். அப்புறம் எழுந்து, "சரி சார், வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் சாப்பாடு அப்படியே இருந்தது.

மறுநாள் அவளை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டேன். வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் கூப்பிட்டேன். "அன்னைக்கி நான் சொன்னது தப்பும்மா. நீ வரைஞ்சது நடந்ததுதான்னு எனக்குத் தெரியும். என்னைய மன்னிச்சிரு" என்றேன். அந்த வயதுப் பிள்ளையிடம் இப்படிக் கேட்பதே பெரிய காரியம் என்ற எண்ணம்கூட எனக்குள் எங்கோ இருந்தது.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "எல்லாரும் இருக்கும்போதுதானே சார் அன்னைக்கிச் சொன்னீங்க?"

மணி அடித்தது. அவள் போனாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஒலிபெருக்கி இருந்தது. தலைமையாசிரியர் அறிவிப்புகளைப் படித்து முடித்துவிட்டு, "வேற யாராச்சும் பேசணுமா?" என்று ஆசிரியர்கள் பக்கம் திரும்பினார். நான் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் வரிசையாக வகுப்புக்குப் போனார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ திங்கட்கிழமைகள் வந்தன. ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் இருந்தது. கடைசியில் ஓய்வும் பெற்றுவிட்டேன். பிரிவுபசார விழாவில் மாலை போட்டார்கள், மாணவர்களின் உள்ளத்தை வரையவைத்த ஆசிரியர் என்று பேசினார்கள். அவள் அன்று பத்தாம் வகுப்பு வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் கைதட்டியபோது அவளும் தட்டினாள்.

நீங்கள் போகிற பள்ளிகளில் கடல் இருக்காது. வேறு சண்டை இருக்கும். தண்ணீர்த் தொட்டிக்காக, கோயில் வரிசைக்காக, சுடுகாட்டுப் பாதைக்காக ஊர் இரண்டாக நிற்கும். பிள்ளைகள் அதை வரைவார்கள், தைரியமாகத்தான் வரைவார்கள். அந்தத் தாள் எங்கே போகும், யார் பார்ப்பார்கள் என்று வரைவதற்கு முன்பே அவர்களிடம் பேசிவிடுங்கள். வெளியே காட்ட வேண்டாம் என்றால் காட்டாதீர்கள், அது எவ்வளவு நன்றாக இருந்தாலும். யாராவது மிரட்டிக்கொண்டு வந்தால் பிள்ளையை அறைக்கு அழைக்காதீர்கள், நீங்கள் மட்டும் போங்கள். பயப்படாதே, நான் இருக்கிறேன் என்று சொல்வதற்கு முன் எதுவரைக்கும் இருப்பீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

இன்று இதைச் சொல்வதற்கு முன் அவளைக் கேட்டேன். நேரில் கேட்கும் துணிவு வரவில்லை. அவள் இப்போது புதுக்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறாள், அத்தா கடலுக்குப் போவதை விட்டுவிட்டு ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறார். தமிழாசிரியை அந்தக் குடும்பத்தோடு இன்னும் பேச்சில் இருக்கிறார், அவர் மூலமாகக் கேட்டேன். பயிற்சியில் இந்தச் சம்பவத்தைச் சொல்லலாமா, உன் பெயரும் அடையாளமும் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியனுப்பினேன். அப்படிச் செய்வதுதான் அவளுக்குப் பாதுகாப்பு என்று நினைத்தேன்.

அவள் வீட்டில் பேசிவிட்டு இரண்டு நாள் கழித்துப் பதில் சொல்லியிருந்தாள். தமிழாசிரியை அதை அப்படியே எனக்குச் சொன்னார்: "அத்தாவும் சரின்னுட்டாங்க. பேரு இல்லாமச் சொல்றதா இருந்தா சொல்ல வேணாம்னு சாருகிட்டச் சொல்லுங்க மேடம். பேரு இல்லாமச் சொன்னா அது மறுபடியும் கதைதான்."

அவள் பெயர் ரஹ்மத் நிஷா. ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு. அவள் வரைந்த ஆறு கட்டமும் நடந்தவை. பொய் சொன்னது நான்.